பேரப்பிள்ளைகளுக்கு எழுதும் வாழ்க்கைக் கதை: "எழுதினால் கேஸ் வரும்" என்கிறான் மகன்

திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 36 ஆண்டு கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற 71 வயது அம்மா ஒருவர் திருச்சியில் மகன் வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

மகள் டொரொண்டோவில் இருக்கிறார். அங்குள்ள பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. தான் போன பிறகு அவர்களுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்ற கவலையில் கோடு போட்ட நீள நோட்டில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கியிருக்கிறார். 12 பக்கம் ஓடியது. 1994இல் அப்பா இறந்த நாளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அப்பாவுக்கு 1961 வாக்கில் வேறொரு குடும்பம் அமைந்தது. கோவிலில் தாலி கட்டியதாகச் சொல்வார்கள். அந்த அம்மாளின் மகள் சாவு வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார். இன்று அவருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது.

அடுத்தது தம்பி. 1996இல் தன் தாய் சொன்னார் என்பதற்காக, அப்பாவின் 15 மா (சுமார் 5 ஏக்கர்) நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டு, இவர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கைக்கு வந்தது பத்தாயிரம் ரூபாய். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "இதையெல்லாம் எழுதி வைத்தால் என் பிள்ளைகளாவது பிற்பாடு கேட்க முடியும்" என்கிறார்.

மறைந்த கணவரின் குடிப்பழக்கத்தை எழுத வேண்டாம் என்கிறாள் மகள். எழுதினாலே கேஸ் வரும் என்கிறான் மகன். பத்திரத்தாளில் எழுதிப் பதிவு செய்தால்தான் செல்லும் என்கிறார் ஓர் உறவினர். அட்டிகையையும் வளையலையும் யாருக்கு என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிட எண்ணம். அடுத்த ஆண்டு மூத்த பேத்தி கல்யாணத்தில் 60 பிரதி கொடுக்க வேண்டும். அதற்கு முன் 43 பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகுதி பகுதியாகப் போடலாமா என்றும் கேட்கிறார்.

அம்மா, உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் நான் சொல்வது பொதுவான சட்ட விளக்கம்தான். நிலம் பற்றிய இடங்களில் ஊரில் உள்ள ஒரு சிவில் வழக்குரைஞரிடம் தாள்களைக் காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதம் முழுவதிலும் ஒரு சிக்கல் திரும்பத் திரும்பத் தெரிகிறது. நினைவு, உயில், பங்குக் கணக்கு, மனக்குறை நான்கையும் ஒரே நோட்டில் போட்டுக் கட்டப் பார்க்கிறீர்கள். அதனால்தான் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது என்று நினைக்கிறேன். பிரித்துவிட்டால் ஓடும்.

மகன் சொல்வதில் பாதி சரி

எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் வரை எதுவும் அவதூறு ஆகாது. சம்பந்தப்பட்டவரைத் தவிர இன்னொருவர் படிக்கும்படி கொடுத்தால்தான் சட்டம் உள்ளே வரும். அதற்கு அச்சுப் புத்தகம் வேண்டியதில்லை, வாட்ஸ்அப் குழுவே போதும். 43 பேரில் யார் அதை எங்கே அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே குழுவில் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழுதும் எழுதித் திருத்தும் முன் துண்டு துண்டாகப் போனால் ஒவ்வொரு துண்டும் தனிச் சண்டையாகும். கல்யாண வீட்டிலும் அந்தச் சண்டை தொடரும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. 2024 ஜூலைக்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளில் இருந்தது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை என்று தண்டனை உண்டு. குற்றவியல் புகாருக்கு 3 ஆண்டு, சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க ஓர் ஆண்டு காலக்கெடு.

"நான் எழுதுவது உண்மைதானே" என்கிறீர்கள். நஷ்டஈட்டு வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் அது முழுக் கவசம். குற்றவியல் வழக்கில் அப்படி இல்லை. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். தம்பி உங்களுக்குப் பங்கு தராததில் பொது நன்மை என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அதேபோல், முதல் பக்கத்தில் "குடும்பச் சுற்றுக்கு மட்டும்", "யார் மனதையும் புண்படுத்தும் நோக்கமில்லை" என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்த வரிகள் நாகரிகத்துக்கு நல்லவை. வழக்கைத் தடுக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது.

இறந்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் தவறு. உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் செய்தியை, அவருடைய குடும்பத்தார் மனம் நோக வேண்டும் என்ற நோக்கத்தோடு வெளியிட்டால் அதுவும் அவதூறே. அந்த 'நோக்கம்' என்ற சொல்தான் உங்கள் கணவர் விஷயத்தில் உங்களுக்குத் துணை. அவருக்கு மிக நெருங்கிய குடும்பமே நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். முப்பது, நாற்பது ஆண்டு ஒரு வீட்டில் வாழ்ந்த பெண் அந்த வாழ்க்கையை எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மகளிடம் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டிவிட்டு வையுங்கள். 'குடிகாரர்' என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். சம்பள நாளில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், மளிகைக் கடைப் பாக்கியை எப்படிச் சமாளித்தீர்கள், எந்த ஆண்டு நிறுத்தினார் அல்லது நிறுத்தவில்லை என்று நடந்ததை எழுதுங்கள். அவர் நல்லவராக இருந்த நாட்களும் அதே பக்கத்தில் இருக்கட்டும். பேத்திக்கு அந்த மனிதர் முழுதாகத் தெரிவார்.

தம்பியும் 15 மாவும்

இங்கே உங்கள் எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். நீங்கள் எழுதி வைப்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு நிலத்தில் உரிமை பிறக்காது. ஏமாற்றி வாங்கிய பத்திரம் என்றால் அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ரத்து கோரி வழக்குப் போட்டிருக்க வேண்டும். "அன்றே பஸ்ஸில் அழுதேன்" என்று எழுதும்போது, 1996லேயே உங்களுக்குத் தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். சாட்சியச் சட்டத்தின் போக்கே அப்படி. ஒருவர் தனக்குச் சாதகமாகத் தானே எழுதிக்கொண்டது சான்றாக நிற்பது அரிது, தனக்குப் பாதகமாக எழுதியது எளிதில் நிற்கும். ஆகவே நிலத்துக்காக இதை எழுதாதீர்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்வதற்காக மட்டும் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் கடிதத்தில் இருக்கும் வரி: "என் தம்பி என்னை ஏமாற்றிச் சொத்தைப் பிடுங்கிக்கொண்டான்." இது தம்பியின் மனத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் வரும். அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"1996இல் அம்மா சொன்னதால் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. 15 மா நிலத்தில் என் பங்குக்குப் பத்தாயிரம் ரூபாய் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன்."

இதில் எல்லாமே உங்களுக்கு நேரில் தெரிந்தவை. 'படித்துக் காட்டவில்லை' என்று எழுதினால் யாரோ மறைத்ததாகப் பொருள் வரும், 'படித்துப் பார்க்கவில்லை' என்றால் உங்கள் செயல் மட்டுமே. படிப்பவர் நெஞ்சில் தைப்பதும் இரண்டாவதுதான். ஒருவேளை தம்பிக்கும் ஒரு பக்கம் இருக்கலாம். உங்கள் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனை அவர் அடைத்தாரா, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டாரா? தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

15 மா என்று விட்டுவிடாமல் 'சுமார் 5 ஏக்கர்' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று டொரொண்டோவில் வளரும் பிள்ளைக்கு யார் சொல்வது?

வேலையில் தெரிந்த ரகசியங்கள்

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பெரிய கவலை இதுதான். 36 ஆண்டு வீடு வீடாகப் போனவர் நீங்கள். எந்த வீட்டில் கருக்கலைப்பு, யாருக்குக் கல்யாணத்துக்கு முன் குழந்தை, யார் யாருக்குத் தெரியாமல் ஆபரேஷன் செய்துகொண்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவை உங்கள் கதை அல்ல. செவிலியர் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்டவை. 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு மனிதரின் குடும்பம், திருமணம், கருத்தரிப்பு, தாய்மை ஆகியவற்றைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, அது உண்மையாக இருந்தாலும் பாராட்டாகவே இருந்தாலும் சரி என்றது. பொது ஆவணத்தில் ஏற்கெனவே உள்ளவை போன்ற சில விலக்குகள் உண்டு.

பெயரை மாற்றினால் போதாது. "1983இல் மேலத்தெருக் கடைசி வீட்டு வாத்தியார் மகள்" என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆண்டு, தெரு, தொழில், உறவு இந்த நான்கில் மூன்றையாவது மாற்றுங்கள் அல்லது விடுங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் அல்லது குழந்தையின் அடையாளத்தை எந்தக் காரணத்துக்காகவும் எழுதக் கூடாது, அது தனிக் குற்றம்.

யாருடைய ரகசியமும் இல்லாமலே எழுத எவ்வளவு இருக்கிறது! உங்கள் பைக்குள் என்ன இருந்தது, நூலும் பிளேடும் எப்படிக் கொதிக்க வைத்தீர்கள், கொக்கித் தராசில் துணித்தொட்டிலில் குழந்தையை எப்படித் தொங்கவிட்டு எடை பார்த்தீர்கள், நெருக்கடி நிலைக் காலத்துக் கருத்தடை முகாம்களுக்கு ஆள் சேர்க்கச் சொல்லி மேலிருந்து வந்த நெருக்கடி எப்படி இருந்தது, 1977 நவம்பர்ப் புயலுக்குப் பிறகு ஊர் எப்படிக் கிடந்தது. இவற்றை எழுத உங்கள் தலைமுறைச் செவிலியர்களை விட்டால் ஆள் இல்லை. நானாக இருந்தால் இந்தப் பகுதிக்கு மட்டும் 40 பக்கம் ஒதுக்குவேன்.

அட்டிகை யாருக்கு?

வாழ்க்கைக் கதையின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் அது உயில் ஆகாது. உயிலுக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து, நீங்கள் போடுவதைப் பார்த்த அல்லது நீங்கள் போட்டதாகச் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பத்திரத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நகை பெறப்போகிறவர் சாட்சியாக வேண்டாம். உயில் இல்லாவிட்டால் உங்கள் நகை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி, பேத்திக்கு நேராக எதுவும் வராது.

வாழ்க்கைக் கதைக்கோ பதிவும் வேண்டாம், பத்திரத்தாளும் வேண்டாம். முடிவில் கையெழுத்தும் தேதியும் மட்டும் போடுங்கள். 'கனமாக இருக்கட்டும்' என்று இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். அதில் "இது இவளுக்கு" என்ற வரி இருந்தால், பின்னாளில் எழுதிய உயில் முன்னதை ரத்து செய்யும் என்பதைப் பிடித்துக்கொண்டு இதுதான் கடைசி உயில் என்று ஒருவர் வாதாட வழியாகும். அட்டிகையின் கதையை நோட்டில் எழுதுங்கள். எந்த ஆசாரி செய்தது, எத்தனை பவுன், எந்த ஆண்டு அடகுக்குப் போய் எப்போது திரும்பி வந்தது என்று. யாருக்கு என்பது உயிலில் இருக்கட்டும்.

உயிலில் இன்னொரு வரி சேருங்கள்: இந்தக் கையெழுத்துப் பிரதி இன்னாருக்கு. அச்சாகாத பிரதியை ஒருவருக்கு உயிலில் கொடுத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை பதிப்புரிமையும் அவருக்கே போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், 1957. உங்கள் காலத்திலேயே வெளியாகியிருந்தால் அது உங்களுக்குப் பின் 60 ஆண்டு நிற்கும், உங்களுக்குப் பின்தான் முதலில் வெளியாகிறது என்றால் வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பெயர் குறிக்காவிட்டால் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகி, ஒருவர் அச்சிடலாம் என்பார், ஒருவர் கூடாது என்பார். உங்கள் காலத்துக்குப் பின் அச்சிடுபவர் மேல் வழக்கு வரலாம் என்பதையும் அந்த ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கடிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. கணவர் கடிதங்களில் சிக்கல் இல்லை, வாரிசு நீங்களும் பிள்ளைகளும்தான். மறைந்த அக்காவின் கடிதங்களைச் சேர்க்க அக்கா பிள்ளைகளிடம் ஒரு வரி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்த பழைய குடும்பப் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்.

எழுதும் முறை

பிறந்ததிலிருந்து வரிசையாக எழுத வேண்டாம். ஒரு தாளில் நீங்கள் குடியிருந்த வீடுகளைப் பட்டியல் போடுங்கள். பெரும்பாலும் எட்டுப் பத்து வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் பென்சிலால் ஒரு தரைப்படம்: வாசல் எந்தத் திசை, அடுப்பு எங்கே, கிணறு எங்கே, யார் எங்கே படுத்தார்கள். அதை வரைந்து முடிப்பதற்குள் நினைவு தானாக வரும். ஒரு உட்காரலுக்கு 45 நிமிடம், ஒரு அத்தியாயத்துக்கு நான்கு முதல் ஆறு பக்கம் போதும்.

எதை எழுதினாலும் அது எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். நான் பார்த்தது, இன்னார் சொல்லக் கேட்டது, நான் நினைப்பது என்று மூன்று வகை. சட்டத்துக்கும் இதுதான் வேண்டும், பேரப்பிள்ளைக்கும் இதுதான் வேண்டும்.

ஆண்டுகளில்தான் அதிகம் தவறு வரும். ஒருவர் பிறந்தது விசுவாவசு வருஷம் என்றால் அது 1905ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பது பேரப்பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்த தேதியும் உண்மைத் தேதியும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதி, பணிப்பதிவேட்டில் எது என்றும் குறியுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் ஊரே அறிந்த நாட்களை வைத்துப் பிடிக்கலாம். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. அதற்கு முன்னா பின்னா, அப்போது எந்தக் குழந்தை கையில் இருந்தது என்று கேட்டால் ஆண்டு கிடைத்துவிடும். திருவாரூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் தனி மாவட்டம். பழைய தாளில் ஒரு மாவட்டமும் உங்கள் எழுத்தில் இன்னொன்றும் இருந்தால் பின்னால் தேடுபவர் குழம்பிப்போவார்.

பெயர்கள் இன்னும் முக்கியம். இனிஷியல் மூன்றாம் தலைமுறைக்கு ஒன்றும் சொல்லாது, தகப்பனார் பெயரை முழுதாக எழுதுங்கள். 'பெரியம்மா' என்று நீங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டிருப்பீர்கள். கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும்: முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஊர். குறிப்பாகப் பெண்களின் பெயர்கள். 'கும்பகோணத்துப் பாட்டி' என்றே வாழ்ந்து முடித்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது தெரிந்த கடைசி ஆள் நீங்களாக இருக்கலாம்.

தாள், மை: கோடு போட்ட நோட்டு மலிவுத் தாள், பத்துப் பதினைந்து ஆண்டில் மஞ்சளாகி ஒடியும். கெட்டியான அமிலமில்லாத வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், தைப்பதற்கு இடதுபுறம் ஒன்றரை அங்குலம் விட்டு எழுதுங்கள். நீரில் கரையும் நீல மை வேண்டாம், பிக்மென்ட் மை உள்ள கறுப்புப் பேனா நல்லது. பழைய கடிதங்களுக்கு லேமினேஷன் செய்யவே கூடாது, சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் பழுப்புக் கறையாகிவிடும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். ஸ்கேன் செய்யும்போது சிறு படங்களுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), கடிதங்களுக்கு 300. மகளுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

டி.டி.பி. கடையில் கொடுக்கும்போது யூனிகோடு எழுத்துருவில்தான் அடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. தாளில் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பேரன் அதைக் கணினி வழியே மொழிபெயர்க்கவும் முடியாது, குரலாகக் கேட்கவும் முடியாது. பி.டி.எஃப். மட்டும் வாங்காமல் திருத்தக்கூடிய கோப்பையும் வாங்குங்கள். புத்தகம் நூல் தைப்பாக இருக்கட்டும், வெறும் பசை நாளடைவில் விட்டுப்போகும். கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். 30 ஆண்டு கடந்து, இருக்க வேண்டியவர் கையில் பத்திரமாக இருந்த ஆவணத்தின் கையெழுத்து இன்னாருடையதே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

டொரொண்டோப் பிள்ளைகளுக்கு இன்னொன்று செய்யலாம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதியபின் உங்கள் குரலில் படித்து மொபைலில் பதியுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு பதிவு வேண்டாம். அவர்களுக்குத் தமிழ் காதில் ஏறும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பன்னிரண்டாம் பக்கம்

தெருமுனையில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினால் தம்பியின் நிலத்தில் அவர் பங்கு கேட்பாரோ என்று அஞ்சுகிறீர்கள். அவருக்கு உரிமை இருந்தால் அது சட்டத்தால் வருவது, உங்கள் எழுத்தால் அல்ல. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இரண்டாம் திருமணம் 1949லேயே தடை செய்யப்பட்டது. 1955 மே 18 முதல் நாடு முழுவதும் அது செல்லாது. ஆனால் அப்படிச் செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, சட்டப்படி முறையான பிள்ளையே. தந்தையின் சொத்தில் அவருக்கு உரிமை உண்டு என்பதையும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்கு வரக்கூடிய பங்கு வரை அது செல்லும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தெளிவாக்கியது. இதற்கு ஏதோ ஒரு திருமணச் சடங்கு நடந்திருக்க வேண்டும். காலம் கடந்ததா என்பது தனி வாதம்.

உங்கள் எழுத்துக்கு எடை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் இருக்கும் வரை நீதிமன்றம் உங்களையே கூப்பிட்டுக் கேட்கும். நீங்கள் இல்லாத காலத்தில், ரத்த உறவைப் பற்றி அறியும் நிலையில் இருந்தவர் தகராறு எழுவதற்கு முன் எழுதி வைத்தது சான்றாக ஏற்கப்படும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 26ஆம் பிரிவு இது, பழைய சட்டத்தில் 32. ஆகவே எழுதுவது அதற்குள்ள கனம் தெரிந்தே எழுதப்பட வேண்டும். "கோவிலில் தாலி கட்டினார்" என்று நீங்கள் எழுத முடியாது, நீங்கள் பார்க்கவில்லை. "கட்டியதாக இன்னார் சொன்னார்" என்று எழுதலாம். "அப்பாவுக்கு நாங்கள் மட்டுமே பிள்ளைகள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். 1994இல் வாங்கிய வாரிசுச் சான்றில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதை எடுத்துப் பாருங்கள். அவர் பெயர் விட்டுப்போயிருந்தால் அதை வழக்குரைஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதில் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. எழுதாமலே விடலாம், சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. தனித்தாளில் எழுதி உறையிலிட்டு, பிரதி யாருக்கு என்று உயிலில் குறித்தவரிடம் கொடுத்து, எப்போது திறக்கலாம் என்று உறை மேலேயே எழுதலாம். அந்தத் தேதியைக் காக்கச் சட்டம் கைகொடுக்காது, அவர் மனசாட்சிதான் காவல். மூன்றாவது, அவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும் புத்தகத்திலேயே எழுதுவது. நான் சொல்வது இந்த மூன்றாவதை. அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எது தெரியும், எது தெரியாது என்பது நமக்குத் தெரியாது. அறுபது ஆண்டாக ஒரு குடும்பம் பேசாமல் வைத்த பெயர் அது. எழுதலாமா, எந்தப் பெயரில், எவ்வளவு என்று சொல்லும் உரிமை அவருடையது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எழுதலாம் என்றால், அவரை உங்கள் அப்பாவின் மகள் என்று சொல்லும் முதல் தாள் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

அவரைப் பார்க்கப் போகும்போது நோட்டை எடுத்துப் போகாதீர்கள், சொத்துப் பேச்சும் வேண்டாம். அப்பாவின் படம் அவரிடம் இருக்கிறதோ இல்லையோ. உங்களிடம் உள்ள ஒன்றை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து நல்ல தாளில் ஒரு பிரதி போட்டு, பின்னால் பென்சிலால் அப்பா பெயரும் ஆண்டும் எழுதி, அதைக் கொண்டு போய்க் கொடுங்கள்.